எட்டுக்கு இங்கே இடமில்லை

பிரிஞ்சாங்கில் மத்தியானத்துக்கு மேல் மழை பிடித்துக்கொண்டால் இரண்டே வேலைதான்: தே ஆற்றிக் குடிப்பது, சுடோகு போடுவது. தேயிலை விளைகிற ஊரில் முதல் வேலைக்கு யாரும் யோசனை கேட்பதில்லை. இரண்டாவதற்கு மட்டும் தெருவெல்லாம் வாத்தியார்கள். “ஒண்ணுல இருந்து ஒன்பது வரைக்கும் நம்பர், திரும்ப வரக்கூடாது. இதுல என்ன பெரிய வித்தை?” என்பார்கள். அவர்கள் போடுவது ஒற்றை நட்சத்திரப் புதிர். ஐந்து நட்சத்திரத்தில் உட்கார வையுங்கள். கால் மணி நேரத்தில் “பசார் மாலாமுக்குப் போகணும்” என்று கொட்டுகிற மழையில் எழுந்து போய்விடுவார்கள்.

கடினமான புதிரில் எந்த எண் வரும் என்று தேடினால் விடியாது. எது வராது என்று பார்த்து, ஒவ்வொன்றாக வெளியேற்ற வேண்டும். ஒவ்வொரு கட்டத்திலும் வரக்கூடிய எண்களைப் பொடியாகப் பென்சிலில் எழுதிக்கொண்டு, அழிப்பானைக் கையில் எடுப்பதுதான் முதல் பாடம். ஒரு வரிசையின் இரண்டு கட்டங்களில் 4, 9 மட்டுமே மிச்சமா? எது எங்கே என்று தெரியாவிட்டாலும் பரவாயில்லை. அந்த வரிசையின் மற்ற கட்டங்களில் 4-ஐயும் 9-ஐயும் தாராளமாக அழிக்கலாம்.

அடுத்த படி எக்ஸ்-விங். இரண்டாம் வரிசையில் 7 வருவதற்கு மூன்றாம் நிரல், எட்டாம் நிரல் என்று இரண்டே இடம். ஆறாம் வரிசையிலும் அதே இரண்டு நிரல்கள்தான். அப்படியானால் ஒரு 7 மூன்றாம் நிரலுக்கும் இன்னொரு 7 எட்டாம் நிரலுக்கும் போய்த்தான் ஆக வேண்டும். அந்த இரண்டு நிரல்களிலும் வேறெங்கே 7 எழுதியிருந்தாலும் அடித்துவிடலாம். இதையே மூன்று வரிசை, மூன்று நிரல் என்று விரித்தால் ஸ்வோர்ட்ஃபிஷ். இதைத் தேடிக்கொண்டிருக்கையில் வீட்டார் கூப்பிட்டால் காதில் விழாது.

இன்னொரு உத்தி, புதிர் போட்டவர் நாணயஸ்தர் என்று நம்பிச் செய்வது. இரண்டு பெட்டிகளுக்குள் செவ்வகமாக நான்கு கட்டங்கள். மூன்றில் 3, 6 மட்டும். நான்காவதில் 3, 6, 1. அந்த நான்காவது 1-தான். இல்லாவிட்டால் 3-உம் 6-உம் இடம் மாறி, புதிருக்கு இரண்டு விடை வந்துவிடும். இதைத் தர்க்கம் என்பவர்களும் குறுக்குவழி என்பவர்களும் உலகமெங்கும் சண்டை போடுகிறார்கள். நாணயத்தைச் சோதிக்க ஒரு அளவும் உண்டு. ஒரே விடை கொண்ட புதிருக்குக் குறைந்தது 17 எண்களாவது கொடுத்திருக்க வேண்டும் என்று கேரி மக்கையர் குழுவினர் 2012-இல் கணினியை ஓட்டி நிரூபித்தார்கள். உங்கள் பத்திரிகை 16 எண்களோடு ஒரு புதிரைப் போட்டால் மூளையை வருத்தாதீர்கள். ஆசிரியருக்குக் கடிதம் எழுதுங்கள்.

இந்த வியாதி பத்திரிகைகளுக்குப் பரவியதில் ஒரு நீதிபதிக்குப் பங்குண்டு. ஹாங்காங்கில் நீதிபதியாக இருந்த வேய்ன் கூல்ட் 1997-இல் டோக்கியோ புத்தகக் கடையில் சுடோகுவைப் பார்த்தார். புதிர் தயாரிக்கக் கணினி நிரல் எழுதினார். 2004 நவம்பரில் லண்டன் ‘டைம்ஸ்’ வெளியிட்டது. நான்கே ஆண்டுகளில் வினை நீதிமன்றத்துக்கே திரும்பியது. 2008-இல் சிட்னியில் ஒரு போதைப்பொருள் வழக்கு. 105 சாட்சிகள், பத்து லட்சம் டாலருக்கு மேல் செலவு. ஜூரிகள் மும்முரமாகக் குறிப்பெடுக்கிறார்கள் என்று எல்லோருக்கும் சந்தோஷம். குறிப்பை ஏன் மேலிருந்து கீழாக எழுதுகிறார்கள் என்று பிறகுதான் சந்தேகம் வந்தது. விசாரணையே ரத்து.

எங்கள் பக்கத்து வீட்டுப் பெரியவர் தேயிலைத் தோட்டத்தில் கிராணியாக இருந்து ஓய்வு பெற்றவர். செக்ரோல் எழுதிய கை, பென்சிலைத் தொடாது. “பெரட்டுல பேரு எழுதுறப்ப பென்சிலா வெச்சிருந்தோம், தம்பி?” என்பார். சிக்கினால், “இங்க ஒரு எட்டு போட்டுப் பார்ப்போமே” என்று பேனாவாலேயே ஊகிப்பார்.

“ஐயா, அது ஊகம்.”

“கம்ப்யூட்டரும் போட்டுப் பார்த்துத்தானே கண்டுபிடிக்குது?”

வாஸ்தவம். ஆனால் கணினி தப்பான எட்டை நொடியில் அழித்துவிட்டு வேறு வழியில் போகும். இவருடைய எட்டு சாகும்வரை அங்கேயே இருக்கும்.

பள்ளி விடுமுறையில் ஒரு சனிக்கிழமை அவருக்கு எக்ஸ்-ஒய்-விங் சொல்லிக்கொடுக்க உட்கார்ந்தேன். நடுக்கட்டத்தில் 2 அல்லது 5. அதன் பார்வையில், அதாவது அதே வரிசையிலோ நிரலிலோ பெட்டியிலோ, இருக்கும் ஒரு கட்டத்தில் 2, 8. இன்னொன்றில் 5, 8. நடுவில் 2 வந்தால் முதல் கட்டம் 8. 5 வந்தால் இரண்டாவது 8. இரண்டையும் பார்க்கும் கட்டத்தில் 8-க்கு இடமில்லை. பெரியவர் தலையைச் சொறிந்தார். அன்று அவர் மகள் குடும்பம் கோலாலம்பூரிலிருந்து மத்தியானச் சாப்பாட்டுக்கு வருவதாக இருந்தது.

“ஐயா, தாப்பா வழியா வந்தா?”

“தானா ராத்தாவுல ஜாம்.”

“சிம்பாங் பூலாய் வழியா வந்தா?”

“கியா ஃபார்ம்ல ஜாம்.”

“எந்த வழின்னு தெரியுமா?”

“கெளம்பிட்டோம்னு மட்டும்தான் சொன்னாங்க.”

“பன்னெண்டு மணிக்கு வந்து சேருவாங்களா?”

“எப்படிச் சேருவாங்க?”

“அதான் ஐயா எக்ஸ்-ஒய்-விங்.”

அவர் பேனாவை மூடித் திறந்து யோசிப்பதற்குள் அடுப்படியிலிருந்து அவர் வீட்டு அம்மாவின் குரல் வந்தது: “அப்ப ரெண்டு மணிக்குச் சோறு வடிச்சாப் போதும்.”

இரண்டேகாலுக்குக் காடி வாசலில் வந்து நின்றது. எந்த வழியாக வந்தார்கள் என்று பெரியவர் குடையோடு நின்று விசாரித்துக்கொண்டிருந்தார். அம்மா அதைக் கேட்கவே இல்லை. சுடச்சுடச் சோறு போட்டுக்கொண்டிருந்தார்.