கண்ணாடி பாக்கோணும்னா கண்ணாடியை வாங்கிக்க மாப்ளே

வா மாப்ளே, திண்ணையில உக்காரு. உன்ற பழைய புல்லட்டுல இருந்து இஞ்சின் கவரையெல்லாம் கழட்டிச் சாக்குப்பையில போட்டு வெச்சிருக்கறயாமா. ஊட்டுலயே பஃபிங் மெஷின் வாங்கி வெச்சு, மூஞ்சி தெரியற அளவுக்குப் பாலீஷ் போடப் போறயாமா. உன்ற அம்மா நேத்துப் பொழுதோட இங்க வந்து ஒரே புலம்பல். "இவன் தாடியை வழிக்கறதுக்கே ஒரு மாமாங்கம் ஆகுது, இரும்பை வழிக்கப் போறானாம் தம்பி"ங்கறா. நான் சொன்னேன், "அக்கா, அது இரும்பில்ல, அலுமினியம். பையன் அந்த மட்டுக்கும் தப்பிச்சான்"னு.

நெசமாத்தான் சொல்றேன். 1955ல ஆரம்பிச்ச என்ஃபீல்டு இந்தியாக்காரங்க திருவொற்றியூர்ல செஞ்சு விட்ட அந்தக் காலத்து புல்லட்டுல சிலிண்டர்தான் வார்ப்பிரும்பு. வலப்பக்கத்து டைமிங் கவரு, இடப்பக்கத்து செயின் கவரு எல்லாம் அலுமினிய வார்ப்படம். இரும்பைவிட இளக்கமான உலோகம், சீக்கிரம் வழிக்கு வரும். சீக்கிரம் கெட்டும் போகும், உன்ற பெரியப்பன் பையனாட்ட.

நீ மெஷின் வாங்கக் கடைக்குள்ளார கால் வெச்சதும் "எத்தனை எச்.பி.ங்க"ன்னுதான் கேப்பே, எனக்குத் தெரியாதா? 1937லயே ஜி.டி.நாயுடுவும் பாலசுந்தரம் நாயுடுவும் மோட்டார் செஞ்சு காட்டுன ஊரு நம்ம கோயமுத்தூரு. ஆனா ஊருக்கு இருக்கற அறிவு ஊர்க்காரன் எல்லாத்துக்கும் வந்துருமா? கடைக்காரன் 2 எச்.பி.யைத் தடவிக் காட்டுவான். நீ மயங்காதே. 6 அங்குலத் துணிச் சக்கரத்துக்கு அரை எச்.பி., அதாவது 373 வாட், தாராளம். 8 அங்குலம் போடறதா இருந்தா 1 எச்.பி. வெச்சுக்க. சின்ன மோட்டாருல ஒரு சௌகரியம், நீ புத்தி கெட்டுப் போயி அமுத்துனா முக்கி முனகி வேகம் கொறையும், நிக்கக்கூடச் செய்யும். நின்னு போற மெஷினு மரியாதை தெரிஞ்ச மெஷினு. பெருசு நிக்காது. அதுக்காகச் சின்னது கடிக்காதுன்னும் நெனச்சுக்காதே, சுத்தறது எல்லாமே கடிக்கும்.

எச்.பி.யை விட்டுட்டுச் சுத்தைப் பாரு. நம்ம ஊட்டுக் கரண்டு 50 ஹெர்ட்ஸ். அதுல ஓடற மெஷினு பெரும்பாலும் ரெண்டு தினுசு. ஒண்ணு நிமிஷத்துக்கு ஏறக்குறைய 2800 சுத்து, இன்னொண்ணு 1400. மோட்டார் மேல தகட்டுல எழுதியிருக்கும், அதையும் கடைக்காரன் வாயால கேக்காம குனிஞ்சு படி. 6 அங்குலச் சக்கரம் 2800ல சுத்துனா அதோட வெளி ஓரம் மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்துல ஓடுது. அதே மோட்டார்ல 8 அங்குலத்தை மாட்டு, 100ஐத் தாண்டிரும். உன்ற புல்லட்டு மேட்டுப்பாளையம் ரோட்டுல எறக்கத்துல போனாக்கூடப் பார்க்காத வேகம். 1400 சுத்துல 8 அங்குலம்னா 54தான். கத்துக்கறவனுக்கு அதுதான் தோது. வேலை மெதுவா நடக்கும், நடக்கட்டுமே, உனக்கென்ன ஜில்லா கலெக்டரு காத்துட்டா இருக்காரு? சக்கரத்து மேலயும் அது தாங்கற உச்ச சுத்து போட்டிருக்கும். மோட்டார் அதைத் தாண்டக் கூடாது. ஒண்ணும் எழுதாத சக்கரம் மலிவாக் கெடைச்சா, மலிவாக் கெடைச்சதேன்னு சந்தோசப்பட்டுட்டு அங்கயே வெச்சுட்டு வந்துரு.

அப்புறம் ஷாப்ட்டு நீளம். "ஊட்டுலதான் சாணை புடிக்கற கிரைண்டர் இருக்கே, கல்லைக் கழட்டிட்டுத் துணிச் சக்கரத்தை மாட்டுனாப் போதாதா"ன்னு ஒருத்தன் உனக்கு ரோசனை சொல்லியிருப்பான். இங்க இருக்கறதை அங்க மாட்டற ஆளுக நம்ம ஊர்ல கொறைச்சலா? மாட்டலாம், சுத்தும். சின்னப் போல்ட்டு, கதவுக் கைப்பிடி இந்த மாதிரிக்குச் சமாளிக்கலாம். ஆனா அதுல ஷாப்ட்டு குட்டை, சக்கரம் மோட்டாரை ஒட்டியே நிக்கும். உன்ற செயின் கவரு கை நீளத்துக்கு இருக்குது, அதைத் திருப்பித் திருப்பிப் புடிக்கறப்ப மோட்டார் உடம்புல முட்டும். முட்டுனா நழுவும், நழுவுனா பறக்கும். பஃபிங்குக்குன்னே செஞ்ச மெஷினுல ரெண்டு பக்கமும் ஷாப்ட்டு நீட்டிட்டு நிக்கும், பொருளைச் சுத்தி வளைக்க எடம் இருக்கும். அந்த எடத்துக்குத்தான் காசு குடுக்கறோம். நுனி கூம்பி மரை போட்ட ஷாப்ட்டா இருந்தா சக்கரத்தை மாத்தறது சுளுவு. இடப்பக்கத்து மரை எதிர் மரையா இருக்கும், சுத்தச் சுத்த இறுகறதுக்காக அப்படி. அது புரியாம ஸ்பேனரைப் போட்டு முறுக்கி மரையை உரிச்சுட்டு வந்து என்ற திண்ணையில நிக்காதே.

ஒரு பக்கம் சாணைக்கல்லு, ஒரு பக்கம் துணிச் சக்கரம்னு சோடி போட்டும் விப்பாங்க. பாக்க ஒரே கல்லுல ரெண்டு மாங்காதான். ஆனா கல்லுல இரும்பைத் தேய்ச்சா பொறி பறக்கும், பக்கத்துல பஞ்சுத் தூசும் அலுமினியத் தூளும் கெடக்கும். மாங்காய் விழறதுக்கு முன்னால தோப்பு பத்திக்கும். கல்லுப் பொடி துணியில ஏறுச்சுன்னா பாலீஷ் போடறதுக்குப் பதிலாக் கோடு கோடாக் கிழிச்சு வெக்கும். வேண்டாம்.

சக்கரமும் சோப்பும் பத்தி அதிகம் சொல்ல மாட்டேன், கடைக்காரனுக்கும் ஏதாவது மிச்சம் வெக்கோணும். சைசல்னு கத்தாழை நார்ச் சக்கரம் ஒண்ணு உண்டு, முரட்டு வேலைக்கு. சுத்திச் சுத்தித் தையல் போட்ட காட்டன் சக்கரம் நடு வேலைக்கு. தையல் கொறைஞ்சு தொளதொளன்னு நிக்கறது கடைசி மினுக்குக்கு. பஃபிங் சோப்பு கட்டியாக் கெடைக்கும். பழுப்பு நிறக் கட்டி அலுமினியம், பித்தளை, செம்புக்கு. பச்சை ஸ்டெயின்லெஸ் ஸ்டீலுக்கு. செவப்பு வெள்ளி, தங்கத்துக்கு, அது உனக்கு இப்போதைக்கு வேண்டாம். வெள்ளைக் கட்டி கடைசிக்கு. ஒரு சக்கரத்துக்கு ஒரே சோப்பு, இதை மட்டும் மறக்காதே. பழுப்புத் தேய்ச்ச சக்கரத்துல வெள்ளையைத் தேய்ச்சா மினுக்கு வராது, முரட்டுப் பொடிதான் திரும்பத் திரும்பக் கீறும். சக்கரத்துக்கு ஒரு பையைப் போட்டு, அதுல நெறத்தை எழுதி மாட்டி வெய்யி.

இப்பத்தான் விசயத்துக்கு வர்றேன், கொட்டாவி விடாதே. பஃபிங் மெஷினு கீறலை எடுக்காது மாப்ளே. கீறலுக்கும் சேர்த்துப் பளபளப்பு ஏத்தி ஊருக்குக் காட்டிக் குடுக்கும். உங்கப்பன் வண்டியை எங்கெங்க சாச்சானோ அத்தனையும் அந்தக் கவரு மேல எழுதியிருக்குது. அதை அழிக்கறது வாட்டர் பேப்பர். பேப்பருக்குக் கைதான் மோட்டாரு. அதனாலதான் மெஷினைப் பத்தி ஒரு மணி நேரம் பேசறவன் எல்லாம் பேப்பர்னதும் போன் வந்துருச்சுன்னு எந்திரிச்சுப் போறான்.

மொதல்ல சீமெண்ணெய் போட்டு எண்ணெய்ப் பிசுக்கை எடு. பழைய லாக்கர் இருந்தா உரி. ஆழக் கீறல் இருந்தா 220 நம்பர் பேப்பர்ல ஆரம்பி, இல்லாட்டி 320. அப்புறம் 400, 600, 800. தண்ணியில ஒரு சொட்டு சோப்பு விட்டு நனைச்சு நனைச்சுத் தேயி. ஒரு பேப்பர்ல இப்படித் தேய்ச்சா அடுத்த பேப்பர்ல அதுக்குக் குறுக்கத் தேய்க்கோணும். முந்தின பேப்பர் போட்ட கோடு ஒண்ணு பாக்கியில்லாம அழிஞ்சப்புறந்தான் அடுத்ததை எடுக்கோணும். பேட்டரி லைட்டைச் சாய்வாப் புடிச்சுப் பாரு, கோடு இருந்தா காட்டிக் குடுத்துரும். 320ல இருந்து 800க்குத் தாவுனா நேரம் மிச்சம்னு உனக்குத் தோணும். சக்கரத்துல வெச்சதும் 320 கோடு பல்லைக் காட்டும், மறுபடியும் மொதல்ல இருந்து. வெள்ளை பூத்து உப்பரிச்ச குழி ஆழமா இருந்தா அதைத் தொரத்திக்கிட்டே போகாதே, கவரு காகிதமாயிரும். ரெண்டு குழி இருந்துட்டுப் போகட்டும், பழைய வண்டின்னு சொல்லிக்க ஒரு சாட்சி வேண்டாமா?

சக்கரத்துக்கு முன்னால நிக்கறதுக்கு முன்னாடி உன்ற கோலத்தைப் பாரு. வேட்டி கூடாது, தோள்ல துண்டு கூடாது, கையில கயிறு, காப்பு, மோதிரம், கழுத்துல மைனர் செயின் எதுவும் கூடாது. துணிக் கையுறையும் கூடாது. கை சுடுதேன்னு அதைப் போட்டயின்னா சக்கரம் நூலைப் புடிச்சுக் கையோட இழுக்கும். சுட்டா எறக்கி வெய்யி, ஆறட்டும். அலுமினியம் சூட்டை மளமளன்னு பரப்பும், அது ஒரு வகையில நல்லது, உன்னை ஓய்வெடுக்க வெக்கற ஒரே பொருள் அதுதான். கண்ணுக்குக் கண்ணாடி, மூக்குக்கு மாஸ்க் கட்டாயம். கல்யாணத்துக்கு வாங்குன கூலிங் கிளாஸ் கணக்குல வராது.

சக்கரம் முன்பக்கத்துல மேல இருந்து கீழ எறங்கிச் சுத்தும். நடு அச்சுக்குக் கொஞ்சம் கீழதான் பொருளைக் காட்டோணும். மேல காட்டுனா புடுங்கும். விளிம்பை எப்பவும் சக்கரத்துக்கு எதிர்ல நீட்டாதே. கவரோட நடுவுல இருந்து ஆரம்பிச்சுக் கீழ் விளிம்பு வரைக்கும் வா, அங்க விட்டுரு. அப்புறம் கவரைத் தலைகீழாத் திருப்பி மிச்சப் பாதியை அதே மாதிரி செய்யி. ஓட்டை, மூலை இருக்கற எடத்துல துணி மாட்டிக்கும், அங்கெல்லாம் கையால தேயி. நழுவி விழறது தரையில மோதி நசுங்காம இருக்க, அடியில பழைய சாக்கை மடிச்சுப் போடு. சங்கிலியை மட்டும் சக்கரத்துல காட்டவே காட்டாதே, விரல்ல சுத்திக்கும்.

சோப்பைச் சக்கரத்துல ஒரு நொடி தொட்டு எடு, அவ்வளவுதான். இட்டிலிக்கு நெய் ஊத்தறவன் கணக்கா அப்புனா கவரு மேல கருப்பாப் பிசுபிசுன்னு ஒட்டும். ஒட்டுச்சுன்னா சாக்பீஸ் தூளைத் தூவி மெத்துன்னு துணியில தொடை. அமுக்கற பலத்தையும் கொறைச்சுக்க. சுத்துக்கு எதிர்ப்பக்கமா நகத்துனா அறுக்கும், சுத்தோட போக்குல லேசா நகத்துனா மினுக்கும். கடைசி ரவுண்டு எப்பவும் போக்கோட போகோணும்.

மெஷினு வந்ததும் உன்ற கை சும்மா இருக்காது, ஊட்டுல பளபளன்னு இருக்கற எல்லாத்தையும் தேடும். வண்டி சைலன்சரு, கிராஷ் கார்டு எல்லாம் குரோம் முலாம், ஒரு மைக்ரான்கூடத் தேறாது. சக்கரத்துல வெச்சா முலாம் போயி அடியில இருக்கற நிக்கலு எட்டிப் பார்க்கும், அப்புறம் இரும்பு, அப்புறம் துரு. அதுக்கு ஈரத்துணியே போதும். உன்ற அம்மா குத்துவிளக்கைத் தூக்கிட்டு வருவா. காந்தம் வெச்சுப் பாரு, ஒட்டுச்சுன்னா பித்தளை முலாம் போட்ட இரும்பு, திருப்பிக் குடுத்துரு. நாச்சியார்கோயில்ல வார்த்த நெசமான பித்தளையா இருந்தாலும், கடைசல்ல வந்த அந்த வளையமும் விளிம்பும் சக்கரத்துல மழுங்கிரும். புளியும் சாம்பலும் எதுக்கு இருக்குது? சாமி ரூம்புல இருக்கற தாத்தா காலத்துப் பஞ்சலோகத்தைத் தொட்டயின்னா நான் உன்னைத் தொடுவேன்.

மெஷினை ஊட்டுக்குள்ளார வெக்காதே. பொடக்காலியில சிமெண்ட் திண்டு கட்டி, முழங்கை உயரத்துல போல்ட் போட்டு இறுக்கு. எர்த்து சரியா இருக்கோணும், சுச்சு கைக்கெட்டற தூரத்துல இருக்கோணும். காயப் போட்ட துணிக்குக் காத்து எந்தப் பக்கம் அடிக்குதுன்னும் பாத்துக்க, இல்லாட்டி உன்ற அம்மா கையில நீ பாலீஷ் ஆயிருவே. அலுமினியத் தூளை அன்னன்னைக்கே மெதுவாக் கூட்டி அள்ளு. அது பத்திக்கிட்டா தண்ணி ஊத்தக் கூடாது, காஞ்ச மணல்தான் போடோணும். ஒரு வாளி மணலைப் பக்கத்துலயே வெய்யி. பீடியை நீ விட்டுட்டதா உன்ற அம்மா நம்பறா, நானும் நம்பற மாதிரி இருக்கறேன், அங்க மட்டும் பத்த வெக்காதே.

முடிஞ்சதும் சந்தோசத்துல உடனே மாட்டிராதே. கவரோட உள்பக்கத்துல பேக்கிங் உக்கார்ற மொகத்தைச் சக்கரத்துல காட்டியிருக்கக் கூடாது, காட்டுனா எண்ணெய் ஒழுகும். புல்லட்டு எப்படியும் ஒழுகும்னு சொல்லுவே, அதுவா ஒழுகறது வேற, நீயா ஒழுக விடறது வேற. திருகு ஓட்டை, எண்ணெய் வழியெல்லாம் பிரஷ் போட்டுச் சீமெண்ணெயில அலசு. பாலீஷ் பொடி இஞ்சினுக்குள்ளார போனா அங்கயும் தேய்ச்சுக்கிட்டே இருக்கும்.

மெழுகு தடவி வெச்சாலும் வெறும் அலுமினியம் ஐப்பசி மழையில மங்கத்தான் செய்யும். க்ளியர் லாக்கர் அடிச்சா கொஞ்ச நாளைக்கு நிக்கும், சூட்டுல மஞ்சளாகி உரிஞ்சா மறுபடியும் வாட்டர் பேப்பருதான். மெழுகோட நிறுத்திக்க. தை மாசம் உனக்குப் பொண்ணு குடுக்கறவங்க ஊடு பாக்க வர்றதாப் பேச்சு அடிபடுது. மார்கழிக் கடைசியில போட்டு வெச்சயின்னா வாசல்ல நிக்கறப்ப ஜொலிக்கும். வண்டி ஸ்டார்ட் ஆகுமான்னு அவங்க கேக்கறதுக்குள்ள உள்ளார கூட்டிட்டுப் போயி உக்கார வெக்கறது என்ற பொறுப்பு.