ஒன்பதடிக்கு இந்தப் பக்கம்

கோயமுத்தூரில் ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் குளத்துப் பக்கம் போனால் நாமக்கோழிக்கு அடுத்தபடியாகக் கண்ணில் படுகிற இனம் ஒன்று உண்டு. இலைதழை அச்சடித்த சட்டை, அதே துணியில் தொப்பி, தோளில் உலக்கை கணக்காய் ஒரு லென்ஸ். சிங்காநல்லூர் குளமாகட்டும், சூலூர் குளமாகட்டும், கரையில் நாலைந்து பேர் நிற்பார்கள். பறவைகள் இவர்களைப் பார்த்துக்கொண்டிருக்கும். இவர்கள் பக்கத்து ஆளின் லென்ஸைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

நம்ம அண்ணன் இந்த இனத்தில் முதிர்ந்த ஆண். கணபதியில் லேத் பட்டறை வைத்திருக்கிறார். பம்பு மோட்டாருக்கு ஷாஃப்ட் கடைகிற வேலை. ஒரு நூல் பிசகாது. அந்தக் கணக்கு கேமராவுக்கும் வந்துவிட்டது. உயிரினங்களை அவர் மில்லிமீட்டரில்தான் அறிவார். கூழைக்கடா என்றால், "நானூறு போதுமுங்." மீன்கொத்தி என்றால், "ஐநூறுக்குக் கொறையாம வேணுமுங்." போன மாதம் என்னைக் கூப்பிட்டு, "தம்பி, வால்பாறை ரோட்டுக்கு வரையாடு எடுக்கப் போறமுங். முழுசா அறுநூறு போட்டாத்தான் நிக்கும். நாலு மணிக்கு ஊட்டு முன்னால நிக்கோணும்" என்றார்.

நாலு மணிக்கு நான் நின்றேன். அண்ணன் ஆறேகாலுக்கு வந்தார். பேட்டரி சார்ஜ் ஏறட்டும் என்று காத்திருந்தாராம். பிளக்கைச் செருகியவர் சுவிட்சைப் போடவில்லை என்பது அஞ்சரைக்குத்தான் தெரிந்திருக்கிறது.

பொள்ளாச்சியில் இட்லி, ஆழியாறு அணையில் இறக்கம். நீர்ப்பரப்பில் மலை தலைகீழாகப் படுத்திருக்க, அண்ணன் நாற்பது தடவை ஷட்டரை அழுத்தினார். பிறகு திரையைப் பார்த்தார். கேமராவுக்குள் மெமரி கார்டு இல்லை. வீட்டுக் கம்ப்யூட்டரில் செருகியபடியே இருந்திருக்கிறது. கார்டு இல்லாமலும் ஷட்டர் விழும்படி ஓர் அமைப்பு அந்தக் கேமராவில் உண்டு; எதற்காக வைத்தார்களோ, அண்ணனுக்காகத்தான் என்று நினைக்கிறேன்.

பையைக் கவிழ்த்துத் தேடியதில் ஒரு பழைய கார்டு அகப்பட்டது. நாலு ஜிபி. அதில் மச்சினன் கண்ணாலம் முழுக்க இருந்தது. வேறு எங்கும் காப்பி எடுக்கவில்லை.

"ஏனுங்ணா, கொஞ்சம் அழிச்சுட்டா எடம் கெடைக்குமில்லீங்?"

"யார அழிக்கறது தம்பி?"

நியாயமான கேள்வி. அணைக்கட்டுச் சுவரில் உட்கார்ந்து ஒவ்வொரு படமாகத் தள்ளினோம். இணைச்சீரில் கைவைக்க முடியாது. அது அக்கா தங்கச்சி சமாச்சாரம். சீர் செய்துவைத்த அருமைக்காரரை அழித்தால் ஊருக்குள் தலைகாட்ட முடியாது. மாமனாரை அழித்தால் வீட்டுக்குள் தலைகாட்ட முடியாது. மிஞ்சியது பந்தியில் உட்கார்ந்திருந்த ஒறம்பரை. அண்ணன் கண்ணை மூடிச் சித்தநேரம் யோசித்தார். மொய் நோட்டு அவருக்கு மனப்பாடம் போல. "இவுரு வெக்கல" என்று ஒன்று. "இவரு வெச்சாரு, ஆனா நாம வெச்சதுல பாதி" என்று இன்னொன்று. இப்படிப் பதினோரு பேரை வழியனுப்பிவிட்டு நிமிர்ந்தபோது மணி பத்து. வெயில் சுள்ளென்று ஏறிவிட்டது.

குரங்கு அருவிக்குப் பக்கத்தில் டீ குடிக்க நிறுத்தினோம். அந்த இடத்துக்கு ஏன் அந்தப் பேர் என்று யாரும் அண்ணனுக்குச் சொல்லியிருக்கத் தேவையில்லை. ஆனாலும் காரின் கண்ணாடியை இறக்கி வைத்துவிட்டுப் போனார். நாட்டுக்குரங்கு ஒன்று உள்ளே போய், முறுக்குப் பொட்டலத்தை விட்டுவிட்டு, லென்ஸ் துடைக்கிற மஞ்சள் துணியை எடுத்துக்கொண்டு மரமேறியது. மேலே உட்கார்ந்து அதை முகர்ந்து பார்த்து, மடித்து, கீழே போடாமல் வைத்துக்கொண்டது. துணிதானே என்று நான் சொன்னேன். இதை நினைவில் வையுங்கள்.

ஆழியாறிலிருந்து வால்பாறை வரை 40 கொண்டை ஊசி வளைவுகள். ஒன்பதாவதில் 'லோம்ஸ் வியூ' என்கிற பார்வை முனை. கீழே அணை, எதிரே பாறைச் சரிவு. வரையாடு தட்டுப்படுகிற இடம் அதுதான். சங்கப் பாட்டுகளில் வருடை என்று வருகிறது. இன்று தமிழ்நாட்டின் மாநில விலங்கு. 2024 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 1,031 இருந்தன.

அண்ணன் டிக்கியிலிருந்து டிரைபாடை இறக்கினார். அவர் பட்டறையிலேயே கடைந்து கூட்டியது. தூக்கிவர இரண்டு பேர் வேண்டும். "நம்ம மா. கிருஷ்ணன் பண்ணலீங்களா தம்பி? ஏழெட்டுச் சாமானைக் கோத்து அவரே ஒரு கேமரா கட்டினாரு. சூப்பர் பாண்டெரோசான்னு பேரு." உண்மைதான். 1996-ல் காலமான அந்தக் காட்டுயிர்ப் படக்காரர் அப்படியொரு பூதத்தை வைத்துக்கொண்டுதான் கறுப்பு வெள்ளையில் யானைகளைப் பிடித்தார். அவர் கருவி கட்டியதை அண்ணன் நூறு தடவை சொல்லியிருக்கிறார். யானையைப் பற்றி ஒரு தடவையும் சொன்னதில்லை.

டிரைபாட் நின்றது. கேமராவை மாட்டுகிற பிளேட் இல்லை.

"அதே மாதிரி இன்னொண்ணு செஞ்சு வெக்கலாமுன்னு மாடலுக்குப் பட்டறைல வெச்சனுங்" என்றார் அண்ணன், கொஞ்சமும் அசராமல். "கால் இஞ்ச் போல்ட்டுங். இஞ்சுக்கு இருபது த்ரெட்." அளவெல்லாம் சரி, ஆள்தான் கணபதியில் இருந்தது. ஸ்பேர் செய்யப் போய் அசலை விட்டுவிட்டு வருகிற மனுஷனிடம் என்ன சொல்வது? நான் டிரைபாடில் தண்ணீர்ப் பையைத் தொங்கவிட்டேன். அன்றைக்கு அது செய்த வேலை அவ்வளவுதான்.

அதற்குள் கீழேயிருந்து மேகம் ஏறிவந்து ரோட்டை மூடியது. வழிநெடுக ஏசியை முழுசாக வைத்துக்கொண்டு வந்திருந்தார். லென்ஸில் பூஞ்சை பிடிக்கக் கூடாதாம். குளிர்ந்து கிடந்த கண்ணாடி ஈரக்காற்றுப் பட்டதும் வேர்த்துப்போயிற்று. துடைக்க வேண்டும். மஞ்சள் துணி மரத்தில் இருக்கிறது. அண்ணன் டிக்கிக்குள் கைவிட்டு, பட்டறைக்கு வாங்குகிற திருப்பூர் பனியன் வேஸ்ட்டில் ஒரு கொத்தை உருவி, ஸ்கூட்டர் விலை கொடுத்து வாங்கிய லென்ஸை அழுத்தித் துடைத்தார். அந்தக் கொத்து ஏற்கெனவே ஒரு கியர்பாக்ஸைத் துடைத்திருந்தது.

மேகம் விலகிய நேரம், 1,031-ல் ஒன்று வந்தது.

தூரத்துப் பாறையில் வரவில்லை. ரோட்டோரக் கட்டைச் சுவர் மேல் நடந்து வந்தது. நல்ல வயசான கடா; முதுகில் சேணம் போட்டாற்போல வெளுப்பு, பின்னால் வளைந்த கொம்பு. ஆறடியில் நின்று அண்ணனைப் பார்த்தது. அண்ணன் கேமராவைத் தூக்கினார். லென்ஸ் உர்ர் உர்ர் என்று முன்னும் பின்னும் தேடி, ஒன்றும் பிடிபடாமல் நின்றது. அந்த லென்ஸுக்குப் பொருள் ஒன்பதடிக்கு அப்பால் இருந்தாக வேண்டும். சின்ன லென்ஸ்? "அதெல்லாம் படிக்கற பசங்களுக்குங்" என்று வீட்டில் வைத்துவிட்டார்.

அண்ணன் ஒரு எட்டுப் பின்னால் வைத்தார். வரையாடு ஒரு எட்டு முன்னால் வைத்தது. இன்னொரு எட்டு. அதுவும் வைத்தது.

"ஏனுங், ஆட்டுக்கிட்டப் போகாதீங்" என்று வனத்துறைக் காவலர் சத்தம் போட்டார்.

"நானு தள்ளித்தானுங் போறேன்! அதுதானுங் வருது!" என்றார் அண்ணன். முதுகு கார்க் கதவில் முட்டியது. இனிப் போக இடமில்லை. கண்ணை வியூஃபைண்டரிலிருந்து எடுக்காமலே பதினோரு படம் எடுத்தார். இடம் அவ்வளவுதான் இருந்தது.

ஊருக்குத் திரும்பிப் பார்த்தோம். பதினொன்றிலும் பழுப்பாக ஏதோ ஒன்று, கியர் ஆயில் பளபளப்போடு. மொய் வைக்காத ஒறம்பரை இதைவிடத் தெளிவாக இருந்தார்கள்.

நான் போனில் ஒன்று எடுத்திருந்தேன். வலப்பக்கம் வரையாடு, இடப்பக்கம் கதவோடு ஒட்டிய அண்ணன், நடுவில் காற்றில் தவிக்கிற லென்ஸ். தயங்கித் தயங்கி அனுப்பிவைத்தேன். கோபித்துக்கொள்வாரோ என்று ராத்திரி தூக்கம் பிடிக்கவில்லை. காலையில் அவரே கூப்பிட்டார்.

"தம்பி, படம் பாத்தனுங். பெருசு பண்ணிப் பாத்தனுங்." கொஞ்சம் பொறுத்து, குரலைத் தணித்துக்கொண்டார். "போகஸ் என்ர காதுல உழுந்திருக்குது. கண்ணுல உழுகோணும். அடுத்த ஞாயித்துக்கெழம வாங்க, சொல்லித் தாறேன்."