எல்-1 துணை

ஆயுத பூஜை அன்று கவரைப்பேட்டையிலிருந்து கும்மிடிப்பூண்டி சிப்காட் வரை எந்தத் தொழிற்சாலைக்குள் வேண்டுமானாலும் நுழைந்து பாருங்கள். ரோலிங் மில் மோட்டாருக்கு மாலை, எடைமேடைக்கு வாழைக்கன்று, ஃபோர்க்லிஃப்டுக்குச் சந்தனம். பேனல் ரூம் மூலையில் இரும்புத் தூசி அப்பிக் கிடக்கும் நெட்வொர்க் ஸ்விட்சுக்கும் ஒரு குங்குமப் பொட்டு உண்டு. வருஷத்தில் அந்த ரேக்கின் கதவு திறப்பதே அன்றைக்குத்தான். பொட்டு வைத்த கையோடு அதன் கான்ஃபிகரேஷனை ஒரு பிரதி எடுத்தீர்களா என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். சாமி காரியத்தில் குறுக்குக் கேள்வி கூடாது.

ஸ்விட்ச், ரவுட்டர், ஃபயர்வால் எல்லாம் வெறும் பெட்டிகள். காசு இருந்தால் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் அரை நாளில் வேறு வாங்கிவிடலாம். எந்த போர்ட் எடைமேடைக்கு, எது கேமராவுக்கு, எந்த விலானில் எந்த மெஷின், வெளியாள் யார் விபிஎன் வழியாக உள்ளே வரலாம் என்று அதற்குள் எழுதியிருக்கும் சில நூறு வரிகளை எந்தக் கடையிலும் விற்பதில்லை. ஐப்பசி மழையில் ஒரு இடி இறங்குகிறது. பெட்டி செத்துப்போகிறது. புதுப் பெட்டி வந்து மாட்டியாகிவிட்டது, பச்சை விளக்கும் எரிகிறது. எடைமேடை மட்டும் பேசவில்லை, கேட் பாஸ் அச்சாகவில்லை, ஜி.என்.டி. ரோடு வரைக்கும் லாரிகள் வரிசை கட்டுகின்றன. அந்த வரிகளை எழுதிய தம்பி, மாதம் மூவாயிரம் கூடக் கிடைக்கிறது என்று எப்போதோ ஒரகடம் போய்விட்டான். அவனுக்குப் போன் போட்டு, "தம்பி, உனக்கு ஞாபகம் இருக்கா?" என்று கெஞ்சுகிறார் ஜி.எம். போன தீபாவளிக்கு அதே தம்பிக்கு போனஸ் கிடையாது என்று எழுதிய பேனா அவர் சட்டைப் பையில்தான் இருக்கிறது.

பட்டால்தானே புத்தி வரும்! கான்ஃபிகரேஷன் பேக்கப் எடுக்க ஒரு மென்பொருள் வாங்குவது என்று முடிவாகிறது. உடனே ஒரு கமிட்டி. பர்ச்சேஸ் உண்டு, அக்கவுண்ட்ஸ் உண்டு, காரணம் தெரியாமல் ஹெச்.ஆர். உண்டு, முதலாளியின் மைத்துனர் அழைத்து வந்த கன்சல்டன்டும் உண்டு. கன்சோல் கேபிளைத் தோளில் போட்டுக்கொண்டு ஏணி ஏறும் கான்ட்ராக்ட் பையன் மட்டும் கிடையாது. அவன் ஏ.சி. அறைக்கு வந்தால் கார்ப்பெட்டில் கரி ஒட்டிக்கொள்ளும்.

டெமோ நாள். வடை, காபி, ப்ரொஜெக்டர். வெண்டர் தன்னோடு கொண்டுவந்த இரண்டு புத்தம்புது ஸ்விட்சுகளிலிருந்து பேக்கப் எடுத்துக் காட்டுகிறார். வெண்ணெயாக வேலை செய்கிறது. ஷாப் ஃப்ளோரில் இருப்பதோ ஆளுக்கொரு பிராண்ட்; பாதி டெல்நெட்டைத் தவிர வேறு பாஷை அறியாதவை; இரண்டுக்குப் பாஸ்வேர்டே யாருக்கும் தெரியாது. "அதிலிருந்தும் எடுக்குமா?" என்று யாரோ தெரியாத்தனமாகக் கேட்டுவிட, "ரோட்மேப்ல இருக்கு சார்" என்று பதில் வருகிறது. கமிட்டிக்குப் பரம திருப்தி.

இதே வேலைக்கு ரான்சிட், ஆக்ஸிடைஸ்ட் என்று இலவச மென்பொருள்கள் இருக்கின்றன. பெரிய பெரிய நெட்வொர்க்குகளை நடத்துகிறவர்கள் பல வருஷமாகப் பயன்படுத்துகிறவை. நேற்றைய கான்ஃபிகரேஷனுக்கும் இன்றையதற்கும் எந்த வரி மாறியிருக்கிறது என்பதுவரை காட்டிக் கொடுக்கும். ஆனால் இலவசம் என்றதும் பர்ச்சேஸ்காரர் முகம் சுருங்குகிறது: "நாளைக்கு ஒண்ணுன்னா யார் கழுத்தைப் பிடிக்கிறது?" நியாயம்தான். அதனால் காசு கொடுத்து ஒரு கழுத்தை வாங்குகிறார்கள். அடுத்த வருஷம் பராமரிப்பு ஒப்பந்தத்தை (ஏ.எம்.சி.) புதுப்பிக்கப் பணமில்லை என்று அந்தக் கழுத்தையும் கைவிடுகிறார்கள்.

அந்தக் கழுத்தைத் தேர்ந்தெடுக்கத்தான் எக்செல் ஷீட் வருகிறது. மூன்று வெண்டர்கள், நீளநீளமாக வரிசைகள், எல்லாக் கட்டத்திலும் 'யெஸ்'. எல்லாம் யெஸ் என்றால் மிச்சம் இருப்பது விலை மட்டும்தானே! எல்லாரிலும் குறைந்த விலை சொன்ன எல்-1 ஜெயிக்கிறான். "எடுத்த பேக்கப்பை ஒரு செத்த பெட்டியின் இடத்தில் ஏற்றி, உயிரோடு நடக்க வைத்துக் காட்டினாயா?" என்ற வரிசை அந்த ஷீட்டில் இல்லை. அதைச் சேர்த்தால் யாராவது ஒரு ஞாயிற்றுக்கிழமை ஃபேக்டரிக்கு வரவேண்டியிருக்குமே.

வாங்கியாயிற்று. தினமும் இரவு இரண்டு மணிக்கு பேக்கப் ஓடுகிறது, திரை முழுக்கப் பச்சை டிக். ஆடிட்டர் பார்த்துத் தலையாட்டிவிட்டு, கொடுத்த பாதாம் டப்பாவோடு கிளம்புகிறார். ஃபோல்டரைத் திறந்து பார்த்தவனுக்குத்தான் வயிறு கலங்கும். எல்லா ஃபைலும் ஒரே அளவு, ஒரு கேபி. உள்ளே ஒரே ஒரு வரி: பாஸ்வேர்டு தவறு. யாரோ எப்போதோ பாஸ்வேர்டை மாற்றியிருக்கிறார்கள். அன்றிலிருந்து மென்பொருள் தன் தோல்வியையே தினம் ஒரு பிரதி எடுத்துப் பத்திரமாகச் சேமித்து வந்திருக்கிறது.

இது ஏதோ நம்மூர்ப் பட்டறைப் புத்தி என்று வெட்கப்படத் தேவையில்லை. கிட்லேப் என்ற பெரிய நிறுவனத்தில் 2017 ஜனவரி 31 அன்று ஒரு பொறியாளர் தவறுதலாக டேட்டாபேஸை அழித்துவிட்டார். கைவசம் 5 விதமான பேக்கப் ஏற்பாடுகள். ஒன்றும் உருப்படியாக இல்லை. ஆறு மணி நேரத்துக்கு முன்னால் ஒருவர் வேறு வேலைக்காகக் கையால் எடுத்து வைத்த பிரதிதான் மானத்தைக் காப்பாற்றியது. கடலுக்கு அந்தப் பக்கம், இலங்கையில், 2023-இல் அரசின் மின்னஞ்சல் அமைப்பை ரான்சம்வேர் பிடித்தது. மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையிலான அஞ்சல்கள் போயே போய்விட்டன, அமைச்சரவை அலுவலகத்தினுடையது உட்பட. அந்தக் காலத்துக்குப் பேக்கப் இல்லை. மென்பொருளோ 2013-ஆம் ஆண்டுப் பதிப்பு.

"அதெல்லாம் எதுக்கு? கிளவுடில் போட்டால் தீர்ந்தது" என்பார் கன்சல்டன்ட். சோனிக்வால் என்ற ஃபயர்வால் நிறுவனம் வாடிக்கையாளர்களின் கான்ஃபிகரேஷன் பேக்கப்பைத் தன் கிளவுடிலேயே வைத்துக்கொண்டது. 2025 செப்டம்பரில் அதற்குள் ஆள் புகுந்துவிட்டது. 5 சதவீதத்துக்கும் குறைவானவர்கள்தான் பாதிக்கப்பட்டார்கள் என்றது நிறுவனம். அடுத்த மாதமே, அந்த கிளவுட் பேக்கப்பைப் பயன்படுத்திய அத்தனை பேருடையதும் போனது என்று ஒப்புக்கொண்டது. கான்ஃபிகரேஷன் ஃபைல் என்பது ஃபேக்டரியின் முழு வரைபடம். அதை யாரிடம் கொடுக்கிறோம், பூட்டிக் கொடுக்கிறோமா என்ற கேள்வியும் நம் எக்செல் ஷீட்டில் கிடையாது.

கவரைப்பேட்டைக்காரர்களுக்கு இன்னொரு ஆயுத பூஜையும் நினைவிருக்கும்: 2024 அக்டோபர் 11. அன்றிரவு மைசூரு–தர்பங்கா பாக்மதி எக்ஸ்பிரஸ், மெயின் லைனுக்கு சிக்னல் கிடைத்திருந்தும் லூப் லைனுக்குள் புகுந்து, நின்றுகொண்டிருந்த சரக்கு ரயிலில் மோதியது. உயிர்ச்சேதம் இல்லாமல் தப்பினோம். விசாரணைக்கு வந்தவர்கள் "எந்த சிக்னல் எரிந்தது?" என்று யாருடைய ஞாபகத்தையும் நம்பி நிற்க வேண்டியதில்லை. சிக்னலும் பாயின்ட்டும் எந்த நேரத்தில் எந்த நிலையில் இருந்தன என்று டேட்டா லாகர் எழுதி வைத்துக்கொண்டே இருக்கும். தண்டவாளத்துக்கு இருக்கும் அந்த மரியாதை, கூப்பிடு தூரத்து ஃபேக்டரிக்குள் கிடையாது. நேற்று ஃபயர்வாலில் எந்த விதி இருந்தது, அதை யார் மாற்றினார் என்று கேட்டால் அத்தனை பேரும் விட்டத்தைப் பார்க்கிறார்கள். சைபர் தாக்குதல் தெரியவந்த 6 மணி நேரத்துக்குள் தகவல் சொல்ல வேண்டும் என்று 2022 ஏப்ரலில் மத்திய அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் உத்தரவு போட்டது. 6 மணி நேரமா? ரேக் சாவி யாரிடம் என்று தேடவே அது போதாது.

மறுபடி பெட்டி செத்து, பேக்கப்பும் கைவிட்டால், கடைசியில் மெமோ யாருக்கு வருகிறது? கமிட்டிக்கு வராது, எல்-1-க்கு வராது, மைத்துனருக்கு நிச்சயம் வராது. ராத்திரி முழுக்கத் தரையில் உட்கார்ந்து லேப்டாப்பும் கையுமாக ஒவ்வொரு போர்ட்டாகத் தடவிக் கண்டுபிடித்த கான்ட்ராக்ட் பையனுக்கு வருகிறது, "கவனக்குறைவு" என்று. கேட்டில் நாள்முழுக்க நின்ற லாரி டிரைவரின் வாடகையை யாரும் கணக்கிலேயே எடுப்பதில்லை. ஊருக்கு இளைத்தவன் பிள்ளையார் கோயில் ஆண்டி.

போதும் இந்தக் கூத்து. மென்பொருள் தேர்வுக்கு எக்செல்லும் வேண்டாம், வடையும் வேண்டாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை வெண்டர்களை ஷாப் ஃப்ளோருக்குக் கூப்பிடுங்கள். இருப்பதிலேயே பழைய ஸ்விட்சைக் கழற்றுங்கள். அதில் என்ன எழுதியிருந்தது என்று தெரியாத ஒருவர் கையில் ஒரு வெற்றுப் பெட்டியைக் கொடுங்கள். எடுத்த பேக்கப்பை ஏற்றி எடைமேடையைப் பேச வைக்கட்டும். நீங்கள் கடிகாரத்தைப் பாருங்கள். முடியாதவர்களுக்குக் கேட் எந்தப் பக்கம் என்று காட்டுங்கள். முடிந்தவருக்கு, அவர் இலவசமாகவே இருந்தாலும், வேலையைக் கொடுங்கள். அதைப் பார்த்துக்கொள்ள ஒரு ஆளை நிரந்தரமாக்கிச் சம்பளமும் கொடுங்கள். இதெல்லாம் வேண்டாம், எல்-1 போதும் என்கிற கமிட்டி, கையெழுத்துப் போட்டவர்களின் பெயரையும் செல் நம்பரையும் நோட்டீஸ் போர்டில் ஒட்டிவிடட்டும். அடுத்த இடி இறங்கும்போது, முதல் மெமோவை எந்த விலாசத்துக்கு அனுப்புவது என்றாவது தெரியும்.