கட்டைவிரல் அளவை: ஃபேன் பெல்ட்டின் கீச்சொலி குறித்து ஒரு முன்னாய்வு

காலை ஆறேகாலுக்கு எங்கள் தெருவில் எழும் ஓசையை அறிஞர்கள் எவரும் இதுவரை முறையாக வகைப்படுத்தவில்லை. தொல்காப்பியர் பிறப்பியலில் பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் என்று ஒலி பிறக்கும் இடங்களை எண்ணிச் சொன்னார், ரப்பரை விட்டுவிட்டார். இவ்வோசை பிறக்குமிடம் சித்தப்பாவின் 1984 மாடல் அம்பாசடர். நீளம் நான்கு வினாடி, ஆகவே அளபெடை. எதிர்வீட்டு அக்கா இதைக் கேட்டுத்தான் பால் அடுப்பை அணைக்கிறார் என்பது களப்பணியில் தெரியவந்தது.

ஆய்வுக்களம் மதுரை. கோச்சடையில் பெல்ட் ஆலையே இருக்கும் ஊர் என்பதால் களத்தின் தகுதி குறித்து ஐயமில்லை.

ஓசை காலையில் மட்டும் வருவதேன்? இன்ஜினைக் கிளப்ப ஸ்டார்ட்டர் பேட்டரியிலிருந்து ஒரு பெருந்தொகையைக் கடன் வாங்குகிறது. இன்ஜின் பிடித்ததும் ஆல்டர்னேட்டர் அந்தக் கடனை ஒரே மூச்சில் அடைக்கப் பார்க்கிறது. அதன் கப்பி கனத்துப்போகிறது. தளர்ந்த பெல்ட் சுற்ற முடியாமல் வழுக்குகிறது. வழுக்கும் ரப்பர் கத்துகிறது. மழைநாளில் வைப்பரும் ஹெட்லைட்டும் சேர்ந்துகொண்டால் பல்லவியோடு சரணமும் உண்டு.

பெல்ட் கப்பியின் பள்ளத்தில் அடிவரை உட்கார்ந்து இழுக்கிறது என்பது பரவலான பிழை. அது பக்கச் சுவர்களுக்கிடையே ஆப்பாக இறங்கி நிற்கிறது. ஆப்பின் கோணம் சுமார் 40 பாகை என்றால், தட்டைப் பெல்ட்டைப்போல் ஏறக்குறைய மூன்று மடங்கு பிடிப்பு. பக்கங்கள் தேய்ந்து பெல்ட் அடியைத் தொட்டுவிட்டால் பிறகு எவ்வளவு இழுத்துக் கட்டினாலும் வழுக்கத்தான் செய்யும். பள்ளத்தின் அடி கண்ணாடிபோல் மின்னுகிறதா என்று பார்த்தால் போதும். எங்கள் வண்டியில் மின்னியது.

இவ்விடத்தில் சோப்புக் கொள்கையினரைக் குறிப்பிட வேண்டும். துணி சோப்பைப் பெல்ட்டில் தேய்த்தால் சத்தம் நிற்கும் என்பது அவர்கள் வாதம். நிற்கும், தெருமுனை வரை.

பெல்ட்டை மாற்ற முதலில் ஆல்டர்னேட்டரைத் தளர்த்தியாக வேண்டும். (டைனமோ இருந்த இடத்தில் பிற்பாடு ஏற்றியது; மெக்கானிக் இன்றும் டைனமோ என்றே அழைக்கிறார்.) காடிபோட்ட பட்டையில் உள்ள போல்ட்டை மட்டும் கழற்றிவிட்டு நெம்பிப் பார்ப்பவர்கள் இத்துறையில் புதியவர்கள். ஆல்டர்னேட்டர் தொங்கும் போல்ட்டுகளும் தளர்ந்தால்தான் அது அசையும். அவற்றின் தலை அரை அங்குலம், அதாவது 12.7 மில்லிமீட்டர். 12 ஸ்பானர் நுழையாது. 13 நுழைந்துவிட்டு ஆடும். பிரிட்டிஷ் ஆட்சி இந்த இடைவெளியில் இன்னும் தொடர்கிறது.

துரு ஊற ஒரு மணி நேரம். "டார்ச்ச ஆட்டாமப் பிடிடா" என்றார் சித்தப்பா. ஸ்பானர் சட்டென்று இளகியதில் மெக்கானிக்கின் கை முட்டி ரேடியேட்டரில் உரசி மூன்று விரல்களில் தோல் போனது. அவர் அதைப் பேன்ட்டில் துடைத்துக்கொண்டு, டைனமோவை இன்ஜின் பக்கம் தள்ளி, பழைய பெல்ட்டை விசிறி இறக்கைகள் மேல் ஒவ்வொன்றாகத் தாண்டவைத்து எடுத்தார். அதே பெல்ட்தான் தண்ணீர் பம்பையும் சுற்றுகிறது. அது அறுந்திருந்தால் முதலில் சார்ஜ் விளக்கு எரியும். அதைப் பொருட்படுத்தாதவருக்கு அடுத்துப் பானெட்டிலிருந்து ஆவி எழும்.

புது பெல்ட் ஏறியது. இனி ஆய்வின் மையச் சிக்கல். இரண்டு கப்பிகளுக்கிடையே பெல்ட் நீளமாக ஓடும் பகுதியின் நடுவே கட்டைவிரலால் அமுக்கினால் பெல்ட் அரை அங்குலம் உள்ளே போக வேண்டும் என்பது விதி.

"புக்குல அப்படித்தான் போட்டிருக்கு தம்பி" என்றார் சித்தப்பா.

"யாரு விரல வச்சு எழுதுனாங்க சார்?" என்றார் மெக்கானிக்.

நூலாசிரியர்கள் இக்கேள்வியை எதிர்கொண்டதாகத் தெரியவில்லை. உடனே பரிசோதனை நடத்தினோம். ஒரே பெல்ட், ஒரே இடம். முப்பது வருடம் ஸ்பானர் பிடித்த மெக்கானிக்கின் விரலுக்கு முக்கால் அங்குலம். வங்கியில் நோட்டு எண்ணி ஓய்வுபெற்ற சித்தப்பாவுக்கு அரை. செல்போன் தடவும் எனக்குக் கால். மாதிரிகள் மூன்றுதான், ஆனாலும் முடிவு தெளிவானது: என் விரலை நம்பி வைத்தால் பெல்ட் கீச்சிடும், மெக்கானிக் விரலை நம்பி வைத்தால் பேரிங் முனகும். அளவு மீறினால் மயிற்பீலி ஏற்றிய வண்டிக்கும் அச்சு முறியும் என்று வலியறிதலில் எச்சரித்த வள்ளுவர், தண்ணீர் பம்ப் பேரிங்கையும் மனதில் வைத்திருக்கலாம்.

சொந்தக்காரர் விரலே அதிகாரபூர்வம் என்று தீர்மானமாயிற்று. மெக்கானிக் நெம்புகோலை ஆல்டர்னேட்டரின் முன்பக்கத்தில் கொடுத்துப் பிடித்துக்கொண்டார். நடுவில் கொடுத்தால் அலுமினிய உடம்பு விரிசல் விடும். சித்தப்பா அமுக்கினார், தலையாட்டினார். போல்ட்டுகள் இறுகின. புது பெல்ட் கொஞ்சம் நீளும், சில நூறு கிலோமீட்டர் ஓடியதும் திரும்பக் கொண்டுவரச் சொன்னார் மெக்கானிக்.

மறுநாள் காலை ஆறேகாலுக்கு வண்டி சத்தமின்றிக் கிளம்பியது. ஆறு இருபதுக்கு எதிர்வீட்டிலிருந்து தீய்ந்த வாடை. அக்கா கரண்டியோடு வாசலுக்கு வந்து, "என்னப்பா, இன்னைக்கு வண்டி எடுக்கலையா?" என்றார்.