எடை போச்சு, தோல் போகலையே!

கேள்வி: ஒன்றரை வருடத்தில் 102 கிலோவிலிருந்து 66 கிலோவுக்கு வந்துவிட்டேன். ஆனால் வயிறும் மேற்கையும் தொளதொளவென்று தொங்குகின்றன. கொசுவம் சொருகினால் அதன் மேல் தோல் மடிந்து விழுகிறது. க்ரீம் தடவினால் இறுகுமா?
– வாசகி, திருச்சி

பதில்: முதலில் கையைக் கொடுங்கள்! ஒன்றரை மூட்டை அரிசியை முழங்கால் மூட்டிலிருந்து இறக்கி வைத்திருக்கிறீர்கள். சும்மா இல்லை.

க்ரீம் இறுக்காது. தோலுக்கு உறுதி தரும் கொலாஜனும், இழுத்தால் திரும்பச் சுருங்கவைக்கும் எலாஸ்டினும் மேல்தோலுக்குக் கீழே இருக்கின்றன. வருடக்கணக்கில் விரிந்தே இருந்ததால் அந்த இழைகள் சேதமாகிவிட்டன. டப்பாவில் இருப்பது அதைச் சரிசெய்யாது, பர்ஸைத்தான் இளைக்கவைக்கும்.

டம்பெல் தூக்குங்கள், முட்டை, பருப்பு, மீனைக் குறைக்காதீர்கள். தசை வளர்ந்தால் கையில் தொய்வு கொஞ்சம் நிரம்பும். வயிற்றில் அவ்வளவு எதிர்பார்க்க முடியாது.

எனக்குக் கவலை அந்த மடிப்புதான். திருச்சி வெயிலில் வியர்வை உள்ளே தங்கினால் சிவந்து, அரித்து, பூஞ்சைத் தொற்று வரும். குளித்ததும் மடிப்பைத் தூக்கி, பருத்தித் துணியால் ஒற்றியெடுங்கள், தேய்க்காதீர்கள். புண் திரும்பத் திரும்ப வந்தால் தோல் மருத்துவரைப் பார்த்துவிடுங்கள்.

இவ்வளவு தொங்கும் தோலை நீக்க அறுவை சிகிச்சைதான் வழி. எடை ஆறு மாதமாவது ஏறாமல் இறங்காமல் நின்றபின் பிளாஸ்டிக் சர்ஜனிடம் போங்கள். அடிவயிற்றில் இந்த இடுப்பிலிருந்து அந்த இடுப்பு வரை தழும்பு நிற்கும், புடவைக்குள் மறைந்துவிடும். இனி பிள்ளை பெறும் எண்ணம் இருந்தால் அதை முதலிலேயே அவரிடம் சொல்லிவிடுங்கள்.