ஐம்பது பைசா வட்டி

வருமான வரி ரீஃபண்ட் வந்தால் வீட்டில் ஒரே சந்தோஷம். அரசாங்கம் ஏதோ தீபாவளி இனாம் கொடுத்ததைப் போல. சம்பளத்தில் கூடுதலாகப் பிடித்துக்கொண்ட நம்முடைய காசு ஐயா அது! அதுவும் முழுசாக வருவதில்லை.

வருமான வரித் துறையின் பெங்களூரு மையத்திலிருந்து வரும் அறிவிப்பைத் திறந்து பாருங்கள். ஒரு பத்தியில் நாம் சொன்ன கணக்கு. பக்கத்துப் பத்தியில் அவர்கள் போட்ட கணக்கு. பழைய நிலுவைக்காகக் கழித்துக்கொண்டோம் என்று கீழே ஒரு தொகை. கேட்டால், 1961-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 245-ஆவது பிரிவு.

எவ்வளவு பழைய நிலுவை? 2024 இடைக்கால பட்ஜெட்டில் நிதியமைச்சர் நிர்மலா சீதாராமனே சொன்னார். சில்லறை நிலுவைகள் 1962-இலிருந்து ஏட்டில் கிடக்கின்றனவாம். பல சரிபார்க்கப்படவே இல்லையாம். நேர்மையாக வரி கட்டுகிறவர்களின் ரீஃபண்டுக்கு அவை முட்டுக்கட்டையாம். சீனப் போர் நடந்த வருஷத்துப் பாக்கி! நாம் ஒரு ரசீதைத் தொலைத்தால் அலட்சியம். அவர்கள் அறுபது வருஷம் கணக்கு முடிக்காமல் வைத்திருந்தால் அதற்குப் பெயர் நிர்வாகம். 2009-10 வரையிலானவற்றில் 25,000 ரூபாய் வரையும், அடுத்த 5 ஆண்டுகளுக்கு 10,000 ரூபாய் வரையும் தள்ளுபடி செய்தார்கள். ஒரு கோடிப் பேருக்குப் பலன் என்றார்கள். அதற்கு முன்பே ரீஃபண்டைப் பறிகொடுத்தவர்களுக்கு? ஒன்றுமில்லை.

இதைவிடக் கேவலம் ஒன்று உண்டு. கிங்ஃபிஷர் ஏர்லைன்ஸ் ஊழியர்களின் சம்பளத்தில் வரியைப் பிடித்தது. அரசுக்குக் கட்டவில்லை. முதலாளி 2016-இல் லண்டன் போய்ச் சேர்ந்தார். துறை யாரைப் பிடித்தது? ஊழியரை. பின்னாளில் அவருக்கு வரவேண்டிய ரீஃபண்டில் கழித்துக்கொண்டது. பிடிக்கப்பட்ட வரியை ஊழியரிடம் மறுபடி கேட்கக் கூடாது என்று 205-ஆவது பிரிவு சொல்கிறது. அதே சட்டம், அதே புத்தகம். அந்தப் பக்கத்தைப் படித்துக் காட்ட 2023-இல் டெல்லி உயர் நீதிமன்றம் தேவைப்பட்டது. வழக்குப் போட வசதியில்லாதவர், கம்பெனி செய்த திருட்டுக்குத் தன் ரீஃபண்டைத் தண்டம் அழ வேண்டியதுதான்.

வட்டியையும் பார்த்துவிடுவோம். வரி கட்ட நாம் தாமதித்தால் மாதம் நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டி. ஒரு நாள் தாண்டினாலும் முழு மாதம். நம் பணத்தைத் தர அவர்கள் தாமதித்தால் ஐம்பது பைசா வட்டி. ரீஃபண்ட், மொத்த வரியில் 10 சதவீதத்துக்குக் குறைவென்றால் அந்த ஐம்பது பைசாவும் கிடையாது. கிடைத்தாலோ, அந்த வட்டிக்கும் வரி உண்டு. கந்துவட்டிக்காரன்கூடத் தான் கொடுத்த வட்டியில் கமிஷன் கேட்டதாக நாம் கேள்விப்பட்டதில்லை.

இந்தக் கறாரெல்லாம் நம்மிடம்தான். 2019 செப்டம்பரில் கம்பெனிகளுக்கு வரியைக் குறைத்தார்கள். வருஷத்துக்கு 1.45 லட்சம் கோடி ரூபாய் போகும் என்று அவர்களே கணக்குச் சொன்னார்கள். அப்போது எந்தப் பழைய பாக்கியும் யாருக்கும் ஞாபகம் வரவில்லை.

நிலுவைக்குக் கழிக்கப் போகிறோம் என்று அறிவிப்பு வந்தால், தூக்கிப் போடாதீர்கள். 21 நாளுக்குள் "ஒப்புக்கொள்ளவில்லை" என்று காரணத்தோடு பதில் போடுங்கள். பேசாமல் இருந்தால் கழித்துக்கொள்வார்கள். உங்களுக்கு 21 நாள். 2025 ஜூலையில் நீங்கள் தாக்கல் செய்த கணக்கைப் பார்த்து முடிக்க அவர்களுக்கு 2026 டிசம்பர் 31 வரை அவகாசம்.