மூக்கால் குடிப்பவர்கள்

ஸ்காட்லாந்தின் ஐலா தீவு விஸ்கியை ரசிகர்கள் புகழும் அழகே தனி: அயோடின், தார், கடற்பாசி, புகை. இவற்றில் ஒன்று சாம்பாரில் தட்டினாலும் வீடு ரெண்டாகிவிடும். 1815-இல் பிறந்த ஐலா விஸ்கியான லாஃப்ரோய்க்கில் தட்டினால் ‘ஆஹா!’ பீட் என்னும் சதுப்புநிலக் கரிமண்ணை எரித்து, அந்தப் புகையில் முளைகட்டிய பார்லியை உலர்த்துவதால் வரும் வாடை அது. ருசிபார்க்கப் போன எனக்கு டிஞ்சர் நெடிதான் அடித்தது. அடுத்து, ஷெர்ரி ஒயின் பீப்பாயில் ஊறிய மெக்காலன் விஸ்கி: உலர்திராட்சை, கிராம்பு. “இது தேவலை” என்றேன். பக்கத்திலிருந்த ரசிகர் பரிதாபமாகப் பார்த்தார். “க்ளென்ஃபிடிக்கில் பேரிக்காய் தெரியுதா சார்?” தெரியாமல் இருக்குமா? கண்ணை மூடித் தலையாட்டினேன். ஸ்காட்ச் ஆவதற்குச் சட்டப்படி குறைந்தது மூன்றாண்டு ஓக் பீப்பாயில் கிடக்க வேண்டும். ரசிகர் ஆவதற்கு மூன்று நிமிடமும் நல்ல முகபாவமும் போதும்.